பௌர்ணமியன்று ஃப்ரீசரைக் கழுவினேன்

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் என் கல்யாணச் சீரில் வந்தவை. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்றும் "உங்க வீட்டு பிரிட்ஜ்", "உங்க வீட்டு மெஷின்" என்றுதான் அவற்றைச் சொல்வார்கள். அதனால் அவற்றைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஒன்று மக்கர் செய்தாலும் என் அப்பாவுக்குத்தான் கெட்ட பெயர். போர் தண்ணீரின் உப்பு வாஷிங் மெஷின் வலையில் வெள்ளையாகப் படியும். அதைக் கழற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்ப்பேன். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் மாவு காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். கழுவியதையே மறுபடி கழுவுவேன். குழந்தை பிறந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது.

தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை திரும்பச் சேர வேண்டும். "பால் எடுத்து வெச்சிட்டுப் போனா நான் பாத்துக்கறேன். பவுடர் பாலெல்லாம் என்னால கலக்கி ஊத்த முடியாது, சொல்லிட்டேன்" என்று மாமியார் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். எனக்குப் பால் கம்மி. அதையும் சிறுகச் சிறுக எடுத்து, மெடிக்கலில் விற்கும் பைகளில் ஊற்றி ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பைகளை நம்பித்தான் நான் வேலைக்குப் போக முடியும்.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. ஃப்ரீசரில் பனி அவ்வளவு தடியாகக் கட்டிவிட்டிருந்தது. அதன் உள்கதவு மூடவே இல்லை. வெளிக்கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்து, ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. காற்று உள்ளே போய்த்தான் பனி கட்டியிருக்கிறது. ரப்பரை வாரம் ஒரு முறை துடைத்தவள்தான் நான். மடிப்பை மட்டும் எப்படி விட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

மாலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியாரின் தங்கைகள் குடும்பத்தோடு வருவார்கள். எங்கள் வீட்டில் இறங்கி, சாப்பிட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மலை சுற்றக் கிளம்புவது வழக்கம்.

"கதவே மூடல. இதப் பாத்தாங்கன்னா என்னா சொல்லுவாங்க? இன்னிக்கே கரைச்சிடு" என்றார் மாமியார்.

"பாலை எங்க வெக்கிறது அத்தை?"

மாடி வீட்டு பிரிட்ஜில் வைக்கலாம் என்றால் அவர்கள் பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து ஊருக்குப் போயிருந்தார்கள். என் கணவர் பஸ் கண்டக்டர். காலையிலேயே சிறப்புப் பேருந்து டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அத்தை சற்று யோசித்துவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பெட்டிக்கடை. வாசலில் ஐஸ்கிரீம் பெட்டி.

"ஐயோ, அங்கயா!"

"ஏன், அவன் என்னா குடிச்சிடப் போறானா?"

எல்லாப் பைகளையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, அவரே எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக எனக்குப் பேச்சு கேட்டது.

"என்னாம்மா இது, டப்பா?"

"கொழந்தைக்கு மருந்து. சாயந்தரம் வரைக்கும் அடியில வெய்யி."

"மருந்துக்கு இவ்ளோ பெரிய டப்பாவா? ஊசி போட்டு அழ வெக்கப் போறீங்களா?"

"ஒனக்கும் ஒண்ணு போடச் சொல்றேன், சும்மா வெய்டா."

நான் வேலையைத் தொடங்கினேன். பனி கரைவதற்காக உள்ளே இருந்த குமிழின் நடுப்பொத்தானை அமுக்கிவிட்டு, அடியில் தட்டு வைத்து, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்தேன். கத்தியால் சுரண்டக் கூடாது என்பது தெரியும். பனி பாளம் பாளமாக விழுந்தது. பிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் புழு நெளிந்தது. டெங்கு ஞாபகம் வந்தது. பினாயில் ஊற்றித் தேய்த்தேன். சமையல் சோடாவைக் கரைத்து ரப்பர் மடிப்பை விரல் நுழைத்துத் துடைத்தேன். ரப்பர் சரியாக இருந்தால், கதவில் செருகி மூடிய காகிதம் இழுத்தாலும் வரக் கூடாது, முதலில் வந்தது. மறுபடி துடைத்து, தளர்ந்த பக்கத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி நீவிவிட்ட பிறகு வரவில்லை. குழந்தை அழுதது, பால் கொடுத்தேன், கைக்குச் சோப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவினேன். வந்திறங்கியவர்களுக்கு அத்தை எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். ஃப்ரீசர் திரும்பக் குளிர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ரோடு முழுக்க பஸ்ஸும் வேனும், நடுவில் வெறுங்காலோடு ஜனமும். எதிர்க்கடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் கால் வைக்க இடமில்லை. ஒருவர் என் தோளைத் தள்ளிவிட்டு, "கைப்புள்ளயோட எங்கம்மா நடுவுல வர்ற?" என்று கத்தினார். திரும்பினேன். மறுபடி இறங்கினேன். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் ஐஸ்கிரீம் ஒன்றுகூட இல்லை. விளிம்பு வரை தண்ணீர் பாட்டில்கள்.

"ஐஸ்கிரீம் தீந்துடுச்சிம்மா. ஒரு மணி நேரம் முன்னாடிதான் பாட்டில் எறக்கி அடுக்கினேன். மருந்து அடியில பத்திரமா இருக்கு" என்றார் கடைக்காரர்.

வெயிலில் கிடந்த பாட்டில்கள். தொட்டால் இன்னும் இளஞ்சூடு. டப்பாவைத் திறந்தேன். பைகள் தொளதொளவென்று இருந்தன.

வீட்டில் அத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "உள்ள ஐஸ் கட்டி இருக்குதேம்மா. ஒண்ணும் ஆவல. வெச்சிடு."

போனில் தேடினேன். ஐஸ் கொஞ்சம் மிச்சமிருந்தால் திரும்ப உறைய வைக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது, கூடவே கூடாது என்று இன்னோரிடத்தில். முகர்ந்து பார்த்தேன். வாசம் வந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? குழந்தைக்கு ஏதாவது ஆனால் நான் பள்ளியில் இருப்பேன். ஒவ்வொரு பையாகப் பிரித்து சிங்க்கில் ஊற்றினேன். அத்தை தடுக்கவில்லை. கடைசிப் பையின்போது மட்டும், "ஒனக்கு வேலைக்குப் போவவே மனசில்லியா?" என்று கேட்டார். நான் சிங்க்கைத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் காலை பள்ளி முதல்வருக்குப் போன் செய்தேன். திரும்பப் பால் சேர்க்க இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்றேன்.

"அதுவரைக்கும் லேபைப் பூட்டி வெக்க முடியுமாம்மா? வேற டீச்சர் போட்டுடறேன். நீங்க கொழந்தையப் பாருங்க. அப்புறமா பாத்துக்கலாம்."

"சரிங்க மேடம்."

மலை சுற்றி முடித்தவர்கள் கால் வீங்கி வந்து கூடத்தில் படுத்திருந்தார்கள். நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த மாமியாரின் கடைசித் தங்கை, சின்னத்தை, எழுந்து வந்து குளிர்ந்த தண்ணீருக்காக பிரிட்ஜைத் திறந்தார்.

"அக்கா, இங்க வந்து பாரேன்! கடையிலேர்ந்து இப்பதான் எறக்கின மாதிரி வெச்சிருக்கா. எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வந்து தொடச்சுக் குடும்மா. இனிமே ஒனக்கு நேரம் ஜாஸ்தியாதான இருக்கும்?"

"வரேங்க சின்னத்தை" என்றேன்.