துரு தின்ற காற்று

கப்பல் என்றால் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று கொச்சித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். முதல் நாள் காலையில் நான் பார்த்த கப்பல், பக்கமெல்லாம் துரு வழிந்து, கட்டிப்போட்ட கிழட்டு எருமையைப் போலக் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்பால் லட்சத்தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல் ஒன்று சங்கூதிப் புறப்பட்டது. பெட்டிகளை மலைபோல் அடுக்கிய சரக்குக் கப்பலை இரண்டு இழுவைப் படகுகள் உள்ளே கொண்டுவந்தன. ஓடுகிற கப்பல்களை நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்ப்போம். எங்கள் கைக்கு வருபவை ஓய்ந்துபோனவை. சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடியும் கடலுக்கு அனுப்புவது எங்கள் எட்டுப் பேரின் வேலை.

எங்கள் மேஸ்திரி வண்டிப்பெரியார்க்காரர். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்; தோட்டம் மூடிக் கிடந்த காலத்தில் மலையிறங்கி வந்தவர். நான் கஞ்சிக்கோட்டுக்காரன். என் பேச்சைக் கேட்டு, “அதென்னடே, ‘ங்ணா’ ‘ங்ணா’ன்னு மூக்கால பேசுத?” என்று சிரிப்பார். மதியம் தவறாமல் மனைவிக்குப் போன் செய்வார். அவர் போனை எடுத்ததும் நாங்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். துருத் தூளில் முழங்கால்வரை நின்றுகொண்டு, “ஆபீசுலதான் இருக்கேன், தலைக்கு மேல காத்தாடி ஓடுது” என்பார். யாரும் சிரிக்க மாட்டோம். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அதே பொய்யைச் சொல்லியிருந்தோம்.

ஒரு வருடம், மழைக்காலத்துக்கு முன்பாக, பழைய சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. அதன் அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டி ஒன்று பல மாதமாகத் திறக்காமல் கிடந்தது. மூடிய இடத்தில் துருப்பிடிக்கிற இரும்பு, உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது, இறங்குகிறவனுக்கு எதுவும் தெரியாது. அதனால் மூடியைத் திறந்து, ஒரு நாள் முழுக்க இயந்திரத்தால் காற்றை ஊதிய பிறகே ஆள் இறங்க வேண்டும். அன்று அந்த இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. கப்பல் சீக்கிரம் புறப்பட வேண்டும், ஒருவன் இறங்கி எவ்வளவு துரு இருக்கிறதென்று பார்த்தால் போதும் என்றார் சூப்பர்வைசர். மேஸ்திரி முடியாது என்றார். அப்படியானால் நாளையிலிருந்து வேறு ஆட்களை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார். எட்டுப் பேர் பிழைப்பை நினைத்து, மேஸ்திரி தொட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னார்.

ஒல்லியான உடம்பு என்பதால் எப்போதும் முதலில் இறங்குகிறவன் நான்தான். துளையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டேன். கீழிருந்து குளிர்ச்சி ஏறியது. எழுந்துவிட்டேன்.

“எனக்குப் பயமா இருக்குதுங்ணா.”

அவர் திட்டவில்லை. என் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். “சரி, நீ கயித்தப் புடி. பாத்துட்டு வாறேன்.”

ஏணியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கயிறு சட்டென்று கனத்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம்; உடம்பு எங்கேயோ இடுக்கில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இறங்கப் போன இன்னொருவனை நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று உருளையோடு வந்து அவரை மேலே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பத்தே நாளில், புது நீலப் பெயிண்டோடு, அந்தக் கப்பல் கடலுக்குப் போனது.

மலைக்கு அவரைக் கொண்டுபோனபோது நான் போகவில்லை. வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். போன வருடம்தான் வண்டிப்பெரியாருக்கு பஸ் ஏறினேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்த அவர் மனைவி, நான் யாரென்று சொன்னதும் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

“ஆபீசுன்னுதான் சொல்லுவாக. சட்டையத் தொவைச்சா தண்ணி செவசெவன்னு வரும். நம்புன மாதிரியே இருந்துட்டேன் தம்பி.”

வந்த காரியத்தைச் சொன்னேன். “அன்னிக்கு எறங்க வேண்டியவன் நானுங்க அக்கா. பயந்துட்டேனுங்க.”

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஆனால் ஒன்றுதான் கேட்டார்: “அவுக பயந்தாகளா?”

அன்று ஏணியின் முதல் படியில் கால் வைத்ததும் மேஸ்திரி உள்ளங்கைகளைப் பேண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “வேண்டாங்ணா, ஏறி வந்துருங்க” என்று நான் சொல்லியிருந்தால் வந்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் நின்றார் என்று இப்போதும் தோன்றுகிறது. நான் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

“இல்லீங்க அக்கா,” என்றேன்.

அவர் காலி தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “பயந்திருப்பாக தம்பி. இருட்டுல வெளிய போவணும்னாக்கூட என்னைய எழுப்பிக் கூட்டிட்டுப் போற ஆளு.”