குட்டிக்கு ஒரு காம்பு

ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் நைனா செஞ்சிக் கடைத்தெரு வழியாக நடந்து வந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மளிகைக் கடைக்காரர், வேட்டியில் மிளகாய்த் தூசி ஒட்டினாலும் உடனே தட்டிவிடுகிறவர். அன்று சட்டை முழுக்க ஆட்டு மூத்திரம். கடைத்தெருவே சிரித்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறுபதுகளில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது இது. தங்கை பிறந்து இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. குழந்தையைக் கிட்டே விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அம்மா பின்கட்டு அறையில் தனியாகக் கிடந்தாள். தங்கைக்குப் பவுடர் பாலும் சேரவில்லை, மாட்டுப்பாலும் சேரவில்லை, குடித்ததையெல்லாம் கக்கினாள். அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மறுநாளே குட்டியோடு ஒரு வெள்ளாடு வீட்டுக்கு வந்தது. நைனாவே கறக்கப் பழகிக்கொண்டார். பால் ஒத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் தங்கை கைகாலை உதைத்து விளையாடினாள்.

அப்போதுதான் நைனாவின் வியாபார மூளை வேலை செய்தது. எடைத் தட்டில் ஒரு பருப்பு கூடினாலும் எடுத்துவிடுகிற கை அது. பாதிப் பாலைக் குட்டி குடித்துவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. தன் பெண்ணுக்குப் போட்டியாக அது வந்திருப்பதாகவே நினைத்தார். அனந்தபுரத்து வாடிக்கைக்காரர் ஒருவரிடம் வளர்க்கச் சொல்லிக் குட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டார். ஆடு வளர்த்தவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள். நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?

அன்று மாலையே ஆடு பாலை அடக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் பாத்திரத்தின் அடிகூட நனையவில்லை. ஆடு வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. தங்கை மறுபடியும் சுருண்டாள்.

"வேளாவேளைக்குப் புண்ணாக்கு வெக்கிறேன், தழை வெக்கிறேன். இன்னும் இன்னா வேணுமாம் இதுக்கு?" என்று நைனா கத்தினார்.

பின்கட்டுக் கதவுக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காய்ச்சலில் நைந்துபோன குரல்.

"குட்டியத் தூக்கினு வந்துடுங்க. புள்ளையப் பிரிச்ச கொஞ்ச நாள்லியே எனக்கும்தான் பால் நின்னுபோச்சி."

நைனா கடையைக்கூடப் பூட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

கொண்டுவந்த குட்டியை இறக்கிவிட்டதும் ஆடு அதன் வாலடியை முகர்ந்தது. குட்டி மடியில் முட்டியது. மூன்றாவது முட்டில் பால் அதன் கடைவாயில் நுரைத்து வழிந்தது. அன்றிலிருந்து ஒரு காம்பு குட்டிக்கு, ஒரு காம்பு தங்கைக்கு. குட்டி முட்டினால்தான் ஆடு சுரக்கும் என்பதால் தினமும் காலையில் நைனா குந்தி உட்கார்ந்து, "குட்ரா ராஜா, நல்லாக் குடி" என்று கெஞ்சுவார். எங்கள் யாரையும் அவர் அப்படிக் கொஞ்சியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நைனா தங்கையை அவள் மடியில் வைத்தார். அடையாளம் தெரியாமல் குழந்தை வீறிட்டது. அம்மா உடைந்துபோனாள்.

"பொறு. ஆடுகூட மோந்து பாத்துட்டுத்தான் சேத்துக்கிச்சி" என்றார் நைனா.

கொஞ்ச நேரத்தில் தங்கை அம்மாவின் மார்பில் முட்டித் தேட ஆரம்பித்தாள். "இங்க இன்னாடி இருக்குது, எல்லாம் வத்திப்போச்சி" என்றாள் அம்மா. ஆனால் விலக்கவில்லை. ஆட்டுப்பால் குடித்த வயிற்றோடும் தங்கை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே கிடந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் நைனா பால் பாத்திரத்தோடு ஆட்டிடம் போகும்போது அம்மா கூப்பிட்டாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. நைனா பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், கட்டிப்போட்டிருந்த குட்டியை இரண்டு காம்புக்குமாக அவிழ்த்துவிட்டார்.