மாதாவின் நீல அங்கி

எங்கள் ஊர் சர்ச்சில் போடும் இசை நாடகத்துக்கு நான்தான் உடை தைக்கிறேன். மாதாவாகப் பாடி நடிப்பது காலனியிலிருந்து வரும் ஸ்டெல்லா. கும்பகோணத்தில் நீலத் துணி வாங்கி, அவள் அளவுக்கு அங்கி தைத்து, விளிம்பு முழுக்கக் கையால் ஜரிகை வைத்தேன்.

இன்று மாலை அவள் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டிக்காரர் வந்தார்.

"தம்பி, இதை நம்ம கமிட்டித் தலைவர் பொண்ணு அளவுக்கு மாத்திடுங்க. இனிமே அதுதான் மாதா."

"அப்ப ஸ்டெல்லா?"

"அது திரைக்குப் பின்னால நின்னு பாடட்டும். குரல் நல்லாத்தானே இருக்கு? மேலத்தெருக்காரங்க மாதாவைப் பாத்துக் கும்பிடணுமில்ல?"

"எல்லாரும் ஒரே கடவுளோட பிள்ளைங்கன்னு போன ஞாயித்துக்கிழமைதானே சொன்னாங்க?"

"அது பிரசங்கம் தம்பி. இது மேடை."

அவர் போனதும் அங்கியைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழித்தால் கும்பகோணத்தில் வேறு துணி கிடைக்கும். வேறு தையல்காரரும் கிடைப்பார்.

ஸ்டெல்லா அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள்.

"அவங்க என்னைவிட உயரம்ணே. கீழ் மடிப்புல துணி விட்டிருக்கீங்களா?"

விட்டிருந்தேன். இப்போது அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரைக்குப் பின்னால் நிற்கும் மாதாவுக்கு என்ன உடை தைக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நீலத் துணி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.