ஒற்றைப் பனையைத் தாண்டிய பந்தும் என் இடது காலும்

என் இடது காற்செருப்பு கழன்றுபோனதை எனக்குப் பின்னால் வந்தவர்தான் சொன்னார். இறங்குதுறையிலிருந்து களஞ்சியத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் செருப்பு நல்ல தூரத்தில் வெயிலில் கிடந்தது. மத்தியான வெயிலில் கொதிக்கிற சீமெந்துத் தரையில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறேன், காலுக்குத் தெரியவில்லை. பின்னேரம் பார்த்தபோது உள்ளங்காலின் ஓரத்தில் கொப்புளம் இருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. எனக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரையும் அந்த நாட்களில் கண்ணிலும் காட்டக்கூடாது என்றிருந்தது. நடந்ததைச் சொல்கிறேன். அதில் என் பிழை எது, மற்றவனின் பிழை எது என்றும் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளன். கயிறு, சங்கிலி, திருகாணி, எண்ணெய் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். வெள்ளைக்கார நேவிக்காரர் போகும்போது சீனக்குடாப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தையும் ஒரு அறை நிறைய மட்டைகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்சக் காலம் மான்கள் மேய்ந்தன. பிறகு நாங்கள் ஆடத் தொடங்கினோம். கிளாக்கர்மாரும் படகுக்காரரும் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்துச் சிரித்த பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். பந்துக்கு யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது.

ஆட்டத்தின் முதல் நீண்ட அடியை டிரைவ் என்பார்கள். எங்களுக்கு அளவுகோல் மைதானத்தின் நடுவே நின்ற ஒற்றைப் பனை. என் மனைவி ரஹ்மாவின் தம்பி சலீமின் பந்து பனையைத் தாண்டிப் போய் விழும். என் பந்து பனைக்கு இந்தப் பக்கம் விழும். சலீம் இழுவைப் படகில் வேலை செய்கிறவன், என்னைவிடப் பத்து வயது குறைவு, பயிற்சி என்று ஒரு நாளும் செய்தவனில்லை. "மச்சான், உங்கட பந்துக்குப் பனையில பேய் இரிக்கெண்டு பயம் போல" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னான். அவனை எனக்கு அதற்கு முதலும் பிடிக்காது.

நேவிக்காரர் விட்டுப்போன பழைய சஞ்சிகை ஒன்றில் படங்களோடு ஒரு கட்டுரை இருந்தது. அடியின் தூரம் கையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. தொடைக்குப் பலம் வேண்டும், இடுப்பும் தோளும் இலகுவாகத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சரியான கதைதான். மெதுவாகச் செய், இரண்டு பக்கமும் செய், வாரக்கணக்கில் செய் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரிகளை நானும் வாசித்தனான். வருடாந்தப் போட்டிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் செய்தேன். விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து மணல் மூட்டையைத் தோளில் வைத்து இருந்தெழும்புவேன். இரும்புக் கம்பியைப் பிடித்து, அடிக்கிற பக்கத்துக்கு மட்டும், நூறு தரம் இடுப்பைத் திருப்புவேன். மற்றப் பக்கம் திருப்பி என்ன பலன், பந்து அந்தப் பக்கம் போகாதே என்று நினைத்தேன். ஆசை இருக்குத் தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குக் கழுதை மேய்க்க என்பார்கள். எனக்கு மேய்க்கக் கழுதையும் வேண்டியிருக்கவில்லை, நானே இருந்தேன்.

பலம் வந்தது. இடுப்புத்தான் திரும்பவில்லை. துறைமுகத்தில் திருகாணி இறுகிப்போனால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவோம், சூடு காட்டுவோம், பிறகு திருகு சாவியின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி நெம்புவோம். கழன்றால் கழரும். உடைந்தால் களஞ்சியத்தில் வேறு இருக்கிறது. இருபது வருடம் இந்த வேலையைப் பார்த்தவனுக்குத் தன் இடுப்பும் இறுகிய திருகாணியாகத்தான் தெரியும். எண்ணெய் பூசினேன், சுடுதண்ணீர் ஒத்தணம் கொடுத்தேன். நெம்புவதற்கு ஆள் வேண்டியிருந்தது. பிடிக்காவிட்டாலும், கைப்பலம் உள்ளவன் என்று போட்டிக்கு முதல் நாள் சலீமைக் கூப்பிட்டேன்.

களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்த வாங்கில் பக்கவாட்டில் படுத்தேன். அவன் என் தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் தள்ளினான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. எழும்பிப் பார்த்தேன், இடுப்பு எண்ணெய் போட்ட கப்பி மாதிரி இலகுவாக இருந்தது. இருவரும் சிரித்தோம்.

அடுத்த நாள் என் பந்து பனையைத் தாண்டியது. சலீமின் பந்தையும் தாண்டியது. அந்த அடிக்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை, பொய் சொல்லத் தயாரில்லை. பந்தை நோக்கி நடக்கும்போது இடது பாதம் தரையில் பட் பட் என்று அறைந்து விழுந்தது. சப்பாத்து பழசு என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் செருப்பு கழன்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செருப்பு கழன்று உங்களுக்கே தெரியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் பூசாதீர்கள். நான் எட்டு நாள் பூசினேன். பிறகு இருமினாலே இடுப்பிலிருந்து பெருவிரல்வரை நெருப்பு இழுத்தது.

டொக்டர் ஒரு குண்டூசியால் என் பாதத்தைக் குத்திக்கொண்டு போனார். மேற்புறத்திலும் வெளிவிளிம்பிலும் குத்தியது தெரியவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். பாதம் அசையவில்லை. நான் தூக்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன செய்தனீர்?"

"கோல்ஃப் அடிக்கிறதுக்குப் பயிற்சி எடுத்தனான்."

"ஸ்டோரில வேலை எண்டெல்லோ எழுதியிருக்கு. நீர் கோல்ஃபும் விளையாடுறனீரோ?"

குண்டூசியை வாங்கி அவரைக் குத்த வேண்டும் போலிருந்தது.

இடைத்தட்டுப் பிதுக்கம் (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை வெளியே தள்ளி நரம்பை நெரிப்பது) என்றார். அதனால் வந்தது பாதத் தொய்வு (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிவிடுவது). கொழும்புக்கு அனுப்பி முதுகை வெட்டி ஒப்பரேசன் செய்யலாம், வெட்டினாலும் கால் பழையபடி திரும்பும் என்று உறுதி சொல்ல ஏலாது, வெட்டாவிட்டாலும் உறுதி சொல்ல ஏலாது என்றார். நான் மாட்டேன் என்றேன். அது துணிவல்ல, பயம். என்னைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

"கால் திரும்பாட்டி?" என்று கேட்டேன்.

"தடியோட நடக்கலாம். படகுப் பலகையில ஏறுற வேலை சரிவராது."

கரையிலிருந்து படகுக்குப் போடுகிற பலகையில் ஏறாத களஞ்சியப் பொறுப்பாளனைத் துறைமுகம் வைத்துக்கொள்ளாது. அது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

இழுவைச் சிகிச்சை (இடுப்பில் பட்டி கட்டி, கால்மாட்டில் பாரம் தொங்கவிட்டு முதுகை இழுப்பது) மூன்று கிழமை நடந்தது. கால்மாட்டில் தொங்கியது மணல் மூட்டை. நான் தோளில் தூக்கியது போன்ற அதே மூட்டை. படுத்த படுக்கையில் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஹ்மா சோற்றுப் பெட்டியோடு வந்து முதல் நாளே கேட்டாள். "எப்பிடி இது வந்த?"

"உன்ட தம்பியிட்டக் கேள். போதும் போதும் எண்டு கத்தினன். விடாமத் திருப்பினான்."

அதற்குப் பிறகு சலீம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவள் ஏற விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றானாம், திருப்பி அனுப்பிவிட்டாளாம். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

உண்மை வேறு. வாங்கில் படுத்திருந்தபோது சலீம்தான், "போதும் மச்சான்" என்றான். நான் "இன்னும்" என்றேன். "வேணாம் மச்சான், ஏலாம இரிக்கி" என்றான். "இன்னும்" என்றேன். மூன்றாம் தரம் "இன்னும்" என்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சொல்லாமலிருந்ததால் அவனை இன்னும் கூடவே வெறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் அருளம்மா என்ற நடுத்தர வயதுப் பெண். சிரிக்கவே மாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. முழங்காலை மடித்துப் படு, இடுப்பை மெதுவாக வலம் சாய், மெதுவாக இடம் சாய், மூச்சு விடு என்றார். இரண்டாம் நாள்தான் விளங்கியது. இவை அந்தச் சஞ்சிகையில் இருந்த அதே படங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போர்வையைத் தூக்கி எறிந்தேன்.

"இதைச் செய்துதான் எனக்கு இந்த நிலை" என்றேன்.

"இதைச் செய்திருந்தா வந்திராது. நீங்க செய்தது வேற." போர்வையை எடுத்து மடித்தார். "தசை இரும்பில்ல. நெம்பினா அது பயந்து இன்னும் இறுகும். பொறுத்திருந்தா தானா விடும். இப்ப இடப்பக்கம் சாயுங்க."

ஒரு நாளைக்கு மூன்று வேளை சாய்ந்தேன். வீட்டுக்கு வந்தும் சாய்ந்தேன். பெருவிரலில் துணி நாடாவைப் போட்டுக் கையால் பாதத்தை இழுத்து, "தூக்கு, தூக்கு" என்று என் காலுக்கே கட்டளை போட்டேன். ஐந்து மாதம் அது என்னை மதிக்கவில்லை. ஆறாம் மாதத்தில் ஒரு விரற்கடை உயர்ந்தது. ரஹ்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அழுதாள். தம்பியின் பெயரை அப்போதும் அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

துறைமுகம் என்னை மேசை வேலைக்கு மாற்றி ஒன்றரை வருடத் தவணை கொடுத்தது. செருப்பு கழராமலிருக்கக் கணுக்காலில் வார் வைத்துத் தைத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் கிழவர்களுக்குப் போட்ட கதிரையில் இருந்து தொழுதேன். நாற்பது வயதில் கதிரை. கிழவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்துதான் பயிற்சியை ஒரு வேளையும் விடவில்லை என்றால் நம்புங்கள்.

ஒன்றரை வருடத்தில் பாதம் பாதியளவு உயர்ந்தது. படகுப் பலகையில் ஏறிக் காட்டி, என் பழைய வேலையைத் திரும்ப எடுத்தேன். உணர்ச்சி மட்டும் வரவில்லை. வெளிவிளிம்பு யாரோ ஒருவரின் காலாகவே இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கதிரையை விட்டு வரிசையில் போய் நின்றேன். இமாம் குனிந்து நிமிரும்போது நான் குனிந்துகொண்டிருந்தேன். எல்லாரும் நிலத்தில் நெற்றி வைத்து எழும்பும்போது நான் கையூன்றி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நிலையிலும் ஊரைவிட ஒரு படி பிந்தினேன். முந்தி இதற்கு வெட்கப்பட்டிருப்பேன். அன்றைக்கு என் இடுப்பு கேட்ட நேரத்தை அதற்குக் கொடுத்தேன்.

இரண்டாம் தரம் எழும்பி நின்றபோது இடது பாதத்தின் ஓரத்தில் ஏதோ அழுத்தியது. சூடாக இருந்தது. எங்கள் வரிசையில் தோளோடு தோள், காலோடு கால் சேர்த்துத்தான் நிற்போம். தொழுகை தொடங்குகிற நேரத்தில் இடப்பக்கம் வந்து சேர்ந்தவரின் சுண்டுவிரல் அது. ஒன்றரை வருடம் செத்துக் கிடந்த இடத்தில் ஒரு மனிதரின் விரல் தெரிகிறது. தொழும்போது யாரென்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமலே நின்றேன்.

தொழுகை முடிவில் முதலில் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் சொன்னேன். பிறகு இடப்பக்கம் திரும்பினேன். சலீம்.

தெருவில் அவன் சொன்ன எத்தனையோ ஸலாமுக்கு நான் பதில் சொல்லாமல் போனவன். இங்கே சொல்லாமலிருக்க ஏலாது. சொன்னேன்.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அவன் எழும்பப் பார்த்தான்.

"உன்ட விரல் என்ட காலில பட்டது" என்றேன்.

"தெரியாமப் பட்டுட்டு மச்சான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"எனக்குத் தெரிஞ்சுது."

அவன் என் காலைப் பார்த்தான். "அந்தக் காலிலயா?"

"ஓம்." கையூன்றி எழும்பினேன். "வீட்ட வா. 'இன்னும்' எண்டு சொன்னது நான்தான் எண்டு உன்ட ராத்தா ரஹ்மாட்டச் சொல்லவேணும்."

"என்ட முகத்துக்கு முன்னால சொல்லவேணாம் மச்சான். நான் வெளியில நிக்கிறன், நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க."

வாசலில் அவன் தன் செருப்பைக் கொழுவிக்கொண்டு என் இடது செருப்பை எடுக்கக் குனிந்தான். விடச் சொன்னேன். படியில் இருந்து, முழங்காலை மடித்து, மூச்சை விட்டு, மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, வாரைப் பிடித்துத் துளையில் மாட்டினேன். ஒரு பந்து பனையைத் தாண்ட எடுக்கிற நேரத்தைவிட அது எத்தனையோ மடங்கு கூட. அவ்வளவு நேரமும் சலீம் வெயிலில் நின்றான்.