சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு

அயனித் திரவம் என்றால் வேறொன்றுமில்லை, அடுப்பில் வைக்காமலே உருகிக் கிடக்கும் உப்பு. அதில் சோப்பு மூலக்கூறுகளைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அவை கூட்டம் சேரும். முழுக்க உப்பாகவே இருப்பதில் இன்னொரு சிட்டிகை உப்பைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று லேபில் எல்லோரும் கேலி செய்தார்கள். லித்தியம் உப்பைப் போட்டேன். கூட்டம் சீக்கிரமே சேர்ந்தது. திருப்பதியில் என் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வரிதான்.

தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் துறையில் எல்லோர் எதிரிலும் பேசி அனுமதி வாங்க வேண்டும். வரதய்யபாளையத்திலிருந்து நைனா முதல் பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூலி வேலைக்குப் போகிற மனுஷன், அன்று இஸ்திரி போட்ட சட்டை. மகளுக்கு டாக்டர் பட்டம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பேசி முடித்தேன். என் கைடு எழுந்து, லித்தியம் கலக்க எந்த பாட்டிலிலிருந்து திரவம் எடுத்தாய் என்றார். நீங்கள் கொடுத்ததுதான் சார் என்றேன். லித்தியம் கலக்காமல் ஒப்பிட்டுப் பார்த்ததற்கு? அது நானே தயாரித்தது. பாவி, தான் கொடுத்த பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் கலந்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். பாலாக வெளுத்தது. தயாரிக்கும்போது சரியாகக் கழுவாமல் உள்ளேயே தங்கிவிட்ட குளோரைடு. நான் கழுவித் தயாரித்ததில் அது கிடையாது. சோப்பைக் கூட்டியது லித்தியமா, குளோரைடா? இனி யாராலும் சொல்ல முடியாது.

"செக் பண்றியா இல்லயான்னு பாக்கத்தான் குடுத்தேன். இத்தன வருஷமா பாத்துக்கினே இருந்தேன்," என்றார்.

அனுமதி இல்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய் என்று இங்கிலீஷில் சொன்னார். என் ஃபெல்லோஷிப் அந்த மாதத்தோடு முடிகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளைக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டினார். நைனா. பேசியது முக்கால்வாசி இங்கிலீஷ், நடுநடுவே வந்த தெலுங்கும் தமிழும்கூட கெமிஸ்ட்ரிதான். அவருக்குப் புரிந்தது குழாயில் பால் வந்தது மட்டும்தான்.

நான் தடுப்பதற்குள் முன்னால் வந்துவிட்டார். பையிலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்துத் திறந்து கைடிடம் நீட்டினார்.

"எம்பொண்ணுக்கு நீங்கதான் சாமி எல்லாம்."

கைடு ஒரு துண்டு எடுத்துத் தின்றார். நன்றாக இருக்கிறது, எந்தக் கடை என்று விசாரித்தார்.