பிளீச்சிங் பவுடரில் போன உட்கரு

அந்த வருடம் என் இடுப்பைச் சுற்றி அக்கி எழும்பியது. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்துவந்தேன். மனித செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம்தான் என் ஆய்வுப்பொருள். அது உட்கரு முழுக்கப் பரவிக் கிடக்காது. அங்கங்கே புள்ளிகளாகக் கூடி நிற்கும். உதட்டில் புண் உண்டாக்கும் வைரஸ் உள்ளே புகுந்ததும் அதன் டி.என்.ஏ. அந்தப் புள்ளிகளை ஒட்டித்தான் தங்கும். பிறகு வைரஸ் தன் புரதம் ஒன்றை ஏவிப் புள்ளிகளையே கலைத்துவிடும்.

விடுமுறைகளில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய், வைரஸ் புகுந்த செல்களைக் கொன்று, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளில் பதித்துக் கொண்டுவந்திருந்தேன்.

துறைத்தலைவருக்கு அந்த வேலையே பிடிக்காது. தாமிரபரணியில் இத்தனை மீன் இருக்க, புள்ளியைத் தேடி அலைகிறாள் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அக்கிக்காக லீவு கேட்டபோது சிரிக்கவில்லை. தகட்டில் உள்ள வைரஸுக்கும் அக்கிக்கும் சம்பந்தம் உண்டா என்றார். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு வைரஸ். எனக்கு வந்தது சின்ன வயதில் அம்மை போட்டபோதே நரம்புக்குள் பதுங்கியது என்று விளக்கினேன். குடும்பம் என்ற சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

முக்கூடலில் அம்மா வீட்டில் கிடந்து, புண் ஆறித் திரும்பினேன். ஆய்வகக் குளிர்பெட்டியில் என் தகடுகள் இல்லை. சார் சொல்லித்தான் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் போட்டு, பிறகு குழிதோண்டிப் புதைத்ததாக உதவியாளர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

"அது செத்த செல்லு சார். அதுல இருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது."

"அப்போ ஒங்க மேல எழும்புனது என்னம்மா? பெங்களூர்ல இருந்து என்னத்தக் கொண்டாந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லணும்லா."

உடம்பில் புண் என்றாலே எய்ட்ஸ் என்று ஊரே கிசுகிசுத்த காலம் அது. அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"நீங்க பயந்து செய்யல சார். வேணும்னே செஞ்சிருக்கீங்க," என்றேன்.

வெளியே போகச் சொன்னார். முதல்வரிடம் முறையிட்டேன். துறைத்தலைவர் வயதில் பெரியவர், அனுசரித்துப் போங்கள் என்றார். ஆசிரியர் அறையில் என் டம்ளரைத் தனியாக ஜன்னலோரம் வைத்திருந்தார்கள்.

சம்பளமில்லா விடுப்பில் பெங்களூர் போய் எல்லாத் தகடுகளையும் மறுபடி செய்தேன். பட்டமும் வாங்கினேன். கல்லூரி ஆண்டுவிழாவில் அதைத் தன் துறையின் சாதனையாகத் துறைத்தலைவர் வாசித்தபோது, நான் எழுந்து வெளியே வந்து வண்ணார்பேட்டை பஸ் ஏறினேன்.

பின்னொரு நாள் டவுணில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரில் அவர் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கியாம்மா?"

இலையில் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.