வாவிக்குப் போட்ட வரம்பு

பிரதீஸ் துடுப்பால் அடித்ததில் நிலோஜனுக்கு மண்டை பிளந்து ஒன்பது தையல். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஆரையம்பதியில் வாவிமீன் பிடிக்கிறவர்கள். வலை கட்டும் இடத்துக்காக வந்த சண்டை அது. பொலிஸ் அதை எங்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது.

சபைத் தலைவர் கதிர்காமத்தம்பி. படுவான்கரையில் முப்பது வருடம் வட்டைவிதானையாக இருந்து, வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிட்டவர். மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றவர்களை வெறுங்கையோடு விலக்கியவர். ஒருமுறை தோளில் வெட்டும் வாங்கினார். அந்தத் தழும்பைக் காட்டாமல் ஒரு விசாரணையையும் தொடங்க மாட்டார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் சொன்னால் சனம் கேட்டது.

நிலோஜன் கண்டல் மரம்வரை தனக்கு என்றான். பிரதீஸ் பழைய மதகுவரை தனக்கு என்றான். இடையில் கிடந்த தண்ணீருக்குத்தான் இழுபறி. ஒருவன் பத்து மீற்றர் விட்டுக்கொடுக்க, மற்றவன் எட்டு மீற்றர் இறங்கிவந்தான். அதற்குமேல் இருவரும் அசையவில்லை. தலைவர் பொறுமை இழந்து, சரிநடுவில் ஒரு கம்பு நடச் சொன்னார்.

நிலோஜனின் தாய் அன்னப்பூரணி எழும்பி, இறால் ஓடுவதே அந்த நடுவில்தான், இரண்டு பேரும் அங்கேதான் முட்டுவார்கள் என்றாள். கதிர்காமத்தம்பி தழும்பைத் தடவியபடி, நடு என்றால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று சொல்லி அவளை உட்காரவைத்தார். நானும் கையெழுத்து வைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை தன் கம்பைப் பார்க்கவென்று அவர் என்னையும் கூட்டிப் போனார். கம்பின் இரு பக்கமும் வலைகள் ஒட்டிக் கிடந்தன. நிலோஜனின் வலை அலைக்குப் பிரதீஸின் பக்கம் சாய்ந்ததும் அவன் அதைக் கத்தியால் அறுத்தான். நிலோஜன் தோணியால் மோதினான். கதிர்காமத்தம்பி கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் கிழவர் எவ்வளவு தூரம் ஓடுவார்? கம்பைப் பிடித்திருந்த நிலோஜனின் கையில் பிரதீஸின் கத்தி இறங்கியது. நாலு விரல்கள் போயின. கரையில் நின்ற நிலோஜனின் ஆட்கள் இறங்கிவந்து அதே கம்பைப் பிடுங்கிப் பிரதீஸின் காலை அடித்து முறித்தார்கள். தடுக்கப் போன எனக்கும் முகத்தில் அடி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கதிர்காமத்தம்பி பழக்கதோஷத்தில், இரண்டு பகுதியோடும் பேசிப் பார்ப்போம் என்று தொடங்கினார். அன்னப்பூரணி குரலை உயர்த்தவில்லை.

"விதானையார், முப்பது வரிசமா தண்ணிக்கு முறை வெச்ச மனிசன் நீங்க. இண்டைக்கு ஒருத்தனுக்கு, நாளைக்கு மத்தவனுக்கு எண்டு. வாவியும் தண்ணிதானே. அதுக்கு ஏன் வரம்பு போட்டீங்க?"

அவருடைய கை தோளுக்குப் போய், தழும்பைத் தொடாமலே இறங்கியது.

"அது எனக்குத் தோணல்ல மகள்" என்றார்.

கட்டிலில் கிடந்த நிலோஜன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.